கட்டி

முதலில் சுண்டுவிரல்தான்.
போர்வைக்கு வெளியே கிடந்த இடது கையில்
யாரையோ கூப்பிடுவதுபோல் மடங்கி நிமிர்ந்தது.
பிறகு மணிக்கட்டு. பிறகு முழங்கை. தோள்.
காலை ஐந்தரை, டிசம்பர்.
ஐவலோவில் அந்த மாதம் சூரியன் வருவதில்லை.
பனி அள்ளும் வண்டியின் மஞ்சள் விளக்கு
சன்னலைச் சுற்றிச் சுற்றித் தொட்டுப் போனது.
அந்த வெளிச்சத்தில் தைஸ்தோவின் கை
ஆற்றடியில் பாசி அலைவதுபோல அலைந்தது.
"என்ன செய்கிறாய்?" என்றேன்.
"இருபத்துநாலு" என்றான்.
கண் திறந்துதான் இருந்தது.

நான் குனிந்து அவன் வாயை மோந்து பார்த்தேன்.

இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்.
இருபத்தாறு வருடம் கூடப் படுத்தவள்
முதலில் செய்தது அதைத்தான்.

அவனுக்கு வேலை விமான நிலையத்தில்.
இறங்கி உருண்டு வரும் விமானத்தின் முன்னால்
ஒளிரும் இரண்டு ஆரஞ்சுக் கோல்களோடு நின்று
வா, இன்னும் வா, இடப்பக்கம், நில் என்று
கையாலேயே பேசுகிற வேலை.
வீட்டில் அவ்வளவு பேசமாட்டான்.

ஜனவரியில் ஒரு நாள், மைனஸ் இருபத்தெட்டில்,
வலது கை 'நேரே வா' என்றது.
இடது கை தோளிலிருந்து கழன்றதுபோல் சுழன்று
எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லாத ஒன்றைச் சொன்னது.
விமானி பிரேக் போட்டு
விளக்கை அணைத்து அணைத்துக் கேட்டாராம்.
உள்ளே துருவ ஒளி பார்க்க வந்தவர்கள்.
சன்னலோரம் சிலர் கைதட்டினார்களாம்,
வரவேற்பு நடனம் என்று.

மேலதிகாரி வெய்யோ ஊதும் கருவியோடு வந்தார்.
பூஜ்யம்.
மறுபடியும் பூஜ்யம்.
மூன்றாம் முறை கருவியைத்தான் தட்டிப் பார்த்தார்.
நானும்தான் சௌனாவுக்குப் பின்னால்
விறகடுக்கைக் கலைத்து பாட்டில் தேடினேன்.
கிடைத்தது
போன வருடம் தொலைந்த கையுறை ஒன்று.

ரோவனியமியில் மூளையைப் படம் எடுத்தார்கள்.
அலைகளைக் கோடாக எழுதினார்கள்.
வலிப்பாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார்கள்.
மாத்திரைக்குப் பிறகும் விடியலுக்கு முன் கை எழுந்தது.
அவன் ஆடவில்லை. சதைதான் ஆடியது.
அவன், பக்கத்து வீட்டுச் சண்டையைப் பார்ப்பவன்போல்,
அதைப் பார்த்துக் கிடந்தான்.

ஆம்புலன்ஸில் வந்தவள் ஆய்லே, இனாரிக்காரி.
துள்ளும் கையை முழங்காலுக்கு அடியில் அழுத்தி
விரல் நுனியில் குத்தினாள்.
ஒன்று புள்ளி ஏழு.
திட்டுவதுபோல் ஏதோ சாமி மொழியில் சொன்னாள்.
ஊசி வழியே குளுக்கோஸ் ஏறியது.
எட்டு நிமிடம்.
தோள், முழங்கை, மணிக்கட்டு, கடைசியில் சுண்டுவிரல்.
ஏறிய படியிலேயே இறங்கிப் போனது.

"இனிப்பு சாப்பிடமாட்டாரா?" என்று கேட்டாள்.

சாப்பிடுவான்.
சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு
அதன் வழியாகக் காப்பியை உறிஞ்சுவான்.
ஒரு நாளைக்குப் பத்துக் கோப்பை.
நடு இரவில் விழித்தாலும் ஒரு கட்டி.
ஆகஸ்டில் நான்தான், அவன் தொப்பையைப் பார்த்துவிட்டு,
டப்பாவை மேல்தட்டில்
மாவுப் பைக்குப் பின்னால் வைத்தேன்.
ஒரு வார்த்தை சொல்லாமல்
வெறும் காப்பி குடிக்கப் பழகிக்கொண்டான்.

ஓலு மருத்துவமனையில் அறுத்துப் பார்த்தார்கள்.
கணையத்தின் வாலில் லிங்கன்பழம் அளவு ஒன்று.
பசி, தூக்கம் எதுவும் பாராமல்
இன்சுலினைச் சொட்டிக்கொண்டே இருந்ததாம்.
எத்தனை வருடமாக என்று கேட்டேன்.
சொல்ல முடியாது என்றார்கள்.

அவர்கள் எடுத்தது ஒரு கட்டி.
நான் எடுத்தது ஒரு கட்டி.
அதையும் இதையும் சேர்த்து
இன்னும் எனக்குக் கணக்கு வரவில்லை.
நான் ஒளிக்காமல் இருந்திருந்தால்
அது தெரியாமலே இருந்திருக்கும் என்கிறான் தைஸ்தோ.
அப்படியும் சொல்லலாம்.

இப்போது மார்ச். வெளிச்சம் வந்துவிட்டது.
வெய்யோ கேக் வாங்கி வந்து
முகத்தைப் பார்க்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
டப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.
தேவையில்லை என்கிறான். இருக்கட்டும் என்கிறேன்.
ஐந்தரைக்கு நான் விழித்துவிடுகிறேன்.
சுண்டுவிரலைப் பார்க்கிறேன்.

நேற்று அவனும் விழித்திருந்திருக்கிறான்.
இரண்டு கைகளையும் மெல்லத் தூக்கி
தலைக்கு மேல் குறுக்காக வைத்தான்.
நில்.
அவர்கள் தொழிலில் அதற்கு அதுதான் பொருள்.

காட்டியது அவனா, கையா என்று தெரிவதற்குள்
நான் டப்பாவைத் திறந்திருந்தேன்.